பிடிக்கும் கை

(திண்டுக்கல் நாகல் நகரில், ஒளிப்படம் எடுக்கும் இளைஞர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வருவதற்கு முன்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு பூட்டுப் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். பெரியவர் ஒருவர் பித்தளை லீவர் ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. நான்கு முறை ராவுவார், வைஸைத் தளர்த்துவார், துண்டைத் திருப்பி வைப்பார், மறுபடி முடுக்குவார். அரத்தில் செலவழித்த நேரத்தைவிட வைஸில் செலவழித்த நேரம் அதிகம். வைஸின் வாயில் இரண்டு பக்கமும் செம்புத் தகட்டை மடித்துச் செருகியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "தகடு இல்லைன்னா வைஸோட பல்லு பித்தளையில பதிஞ்சிரும் தம்பி. சாமான் நகராம இருந்தாப் போதும், நசுங்கக் கூடாது" என்றார்.

நான் இன்று பேச வந்ததை அவர் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பூட்டின் உறுதியைப் பற்றி நிறைய எழுதினார்கள். அந்த உறுதிக்குப் பின்னால் இப்படி ஒரு பிடி இருக்கிறது. ராவுகிற கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், துண்டு ஆடினால் லீவர் கோணிப்போகும். சாவி திரும்பாது.

மேக்ரோ ஒளிப்படத்திலும் இதுதான் நடக்கிறது. பூவையும் பூச்சியையும் நெருங்கி எடுக்கிற நாம் கேமராவை நிறுத்த என்னென்னவோ செய்கிறோம். ட்ரைபாட் வாங்குகிறோம், லென்சில் அதிர்வைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்கிறோம், மூச்சை அடக்குகிறோம். இவையெல்லாம் நம்முடைய ஆட்டத்தைத்தான் நிறுத்தும். எதிரே தும்பைச் செடி ஆடுகிறதே, அதை எந்த ட்ரைபாடும் நிறுத்தாது. ஆடுவது அந்தப் பக்கம், காசைக் கொட்டுவது இந்தப் பக்கம். என்னிடம் வருகிற படங்களில் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சென்சாரின் மேல் பொருள் தன் உண்மையான அளவிலேயே விழுவதை ஒன்றுக்கு ஒன்று என்கிறோம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில், அந்த அளவில், எஃப் 8 துளையில் தெளிவாக விழுகிற ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு கசகசா மணியின் கனம். ஏ.பி.எஸ்-சி சென்சார் என்றால் அதற்கும் குறைவு. இப்போது காற்று மிக லேசாக அடித்து, காம்பு நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் அசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது மெல்லிய அசைவுதான். நூறில் ஒரு நொடி ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் பூ பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சி கேமராவில் ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 255 பிக்சல்கள் அடங்கும். அப்படியானால் உங்கள் பூ 25 பிக்சல் அகலத்துக்கு இழுவிப்போகும். ஆயிரத்தில் ஒரு நொடி வைத்தாலும் இரண்டரைப் பிக்சல் இழுவல் மிஞ்சும்.

ஃபிளாஷ் போட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். குறைந்த பவரில் ஃபிளாஷ் வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு நொடிதான் இருக்கும். அசைவு உறைந்துவிடும் என்பது சரி. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் பூ இருக்க வேண்டுமே? காற்றில் ஒரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் ஆடுகிற பூவை நாம் வேண்டுகிற இடத்தில் பிடிப்பது குருட்டாம்போக்குதான். கூடவே பின்புலம் கறுத்துப்போகும், காலை வெயிலின் பொன்னிறம் போய்விடும். கவனப் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முப்பது நாற்பது படம் எடுத்து ஒன்றாக அடுக்குகிற ஸ்டாக்கிங் முறைக்கோ, பொருள் அசையாமல் நின்றே தீர வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஊசித்தட்டான் உட்கார்ந்திருக்கிற புல்நுனி எம்மாத்திரம்? தை, மாசிக் காலைகளில் வெயில் ஏறும் வரை ஓரளவு அசைவில்லாமல் கிடைக்கும். மற்ற மாதங்களில் நாம்தான் செடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிடிப்பதற்கு முதல் கருவி நம் இடது கை. காம்பை இடது கையின் இரண்டு விரலால் பூவுக்குக் கீழே மெல்லப் பிடித்து, அதே கையின் மணிக்கட்டின் மேல் லென்சைச் சாய்த்துப் பாருங்கள். உங்கள் கை ஆடினால் பூவும் சேர்ந்து ஆடும், லென்சும் சேர்ந்து ஆடும், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் மாறாது. ஒரு பைசா செலவில்லாத வித்தை இது. செல்போனில் சின்ன மேக்ரோ லென்சை மாட்டி எடுப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. போன் பூவிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கும், அதை ஒரு கை பிடிக்கும், இன்னொரு கை திரையைத் தொட வேண்டும். காம்பைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

அந்த மூன்றாவது கைதான் இன்றைய பேச்சு. ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் கிளாம்ப், நடுவில் எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்கிற ஒரு தண்டு. விம்பர்லி என்கிற அமெரிக்க நிறுவனம் இதைப் 'பிளாம்ப்' என்ற பெயரில் விற்கிறது. பிளான்ட், கிளாம்ப் இரண்டையும் ஒட்டவைத்த பெயர். நான் 'வளைகை' என்று சொல்கிறேன். உங்களுக்கு 'ஆர்ம்' என்றால்தான் வாயில் வருகிறது என்றால் அப்படியே சொல்லுங்கள்.

இதன் நடுத்தண்டை உற்றுப் பார்த்தால் உங்களில் லேத் பட்டறைப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். உருண்டையும் குழியுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய பிளாஸ்டிக் கண்ணிகள். இயந்திரத்தில் இரும்பை வெட்டும்போது சூடு தணிக்கக் கூலன்ட் பாய்ச்சுவோமே, அந்த வளைகிற பைப்பின் கண்ணிகளும் இதே அமைப்புதான். குளிர்விக்கும் நீருக்காகச் செய்ததைப் பூவுக்குத் திருப்பிவிட்டார்கள், அவ்வளவே. அதைவிட உறுதியாக வேண்டுமென்றால் டயல் கேஜ் மாட்டுகிற ஸ்டாண்டைப் பாருங்கள். ஒரே ஒரு திருகைத் திருகினால் மூன்று மூட்டுகளும் ஒன்றாக இறுகிக்கொள்ளும் வகையும் இருக்கிறது. அதன் நுனியில் ஒரு கிளிப்பைப் பொருத்திவிட்டால் எந்த விலையுயர்ந்த கருவிக்கும் இளைத்ததில்லை. பட்டறையில் மூலையில் கிடக்கிற பழைய ஸ்டாண்டே போதும்.

அதுவும் இல்லையா? வெள்ளோடு பக்கம் திராட்சைப் பந்தலுக்கு இழுக்கிற ஜி.ஐ. கம்பியில் இரண்டு முழம் வாங்கி, இரண்டாக மடித்து முறுக்குங்கள். நுனியில் துணி காயப்போடுகிற கிளிப். முறுக்கிய கம்பி ஒற்றைக் கம்பியைப்போல ஸ்பிரிங் மாதிரி துள்ளாது, இழைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தைச் சீக்கிரம் தின்றுவிடும்.

எதை வாங்கினாலும், எதைச் செய்தாலும், வளைகை குட்டையாக இருக்கட்டும். ஒரு முனையை நிறுத்தி மறுமுனையை அந்தரத்தில் விட்ட எந்தத் தண்டுக்கும் ஒரு விதி உண்டு. நீளத்தைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். இரண்டடி வளைகையை ஓரடியாக்கினால் எட்டு மடங்கு லாபம். கடையில் நீளமானதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், மயங்காதீர்கள்.

அடுத்தது, மறுமுனையை எங்கே மாட்டுவது. பெரும்பாலோர் ட்ரைபாடின் காலிலேயே மாட்டுகிறார்கள். வசதிதான், நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் கேமராவில் கை வைக்கும்போதெல்லாம் அந்த அதிர்வு வளைகை வழியாகப் பூவுக்குப் போகிறது, காற்று பூவைத் தள்ளும்போது கேமராவுக்கும் வருகிறது. ஆடு கட்டுகிற முளையைப்போல ஒரு இரும்புக் கம்பியை நம் செம்மண்ணில் அரையடி இறக்கி, அதில் மாட்டுங்கள். கேமரா ஒரு நிலம், பூ ஒரு நிலம் என்று பிரிந்துவிடும்.

நாகல் நகர்ப் பிள்ளைகளிடம் இன்னொன்றை எளிதாகச் சொல்லலாம். உங்களில் பலர் தறிச்சத்தத்தில் வளர்ந்தவர்கள், சௌராஷ்டிர வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ நெய்ததைப் பார்த்தவர்கள். பாவு நூல் ஏன் அசையாமல் நிற்கிறது? இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டியிருப்பதால். நெய்த துணி அகலத்தில் சுருங்காமலிருக்க இரண்டு ஓரத்தையும் தள்ளிப் பிடிக்கிற குச்சி ஒன்றையும் பார்த்திருப்பீர்கள். செடிக்கும் அதே விதிதான். ஒரு புள்ளியில் பிடித்த தண்டு, அந்தப் புள்ளிக்கு மேலே தனியாக ஆடும். நீளமான தண்டாக இருந்தால் இரண்டு வளைகைகளால், இரண்டு திசையிலிருந்து பிடியுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் எடுக்கப்போகிற இடத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே, படச் சட்டத்துக்கு ஒரு விரல் வெளியே, கிளிப்பைப் போடுங்கள்.

இனி நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வராது.

எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் முட்டையிடும். திண்டுக்கல்லில் தண்டவாளத்தின் ஓரம், குளக்கரை, காலிமனை எங்கே எருக்கு நின்றாலும் அந்த ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கலாம். இலையின் அடியில் ஒவ்வொன்றாக, தனித்தனியாக இட்டுவிட்டுப் போகும். முட்டை கசகசா மணியைவிடச் சற்றுப் பெரிது. வெறுங்கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி. லென்சில் பார்த்தால் கோயில் கலசம்போல மேலே குவிந்து, உச்சியிலிருந்து அடிவரை நெடுக வரிவரியாக வரம்பு கட்டியிருக்கும். அவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை வேலைப்பாடு. அதைக் கண்ட நாளில் எனக்குப் படபடப்பு. எருக்கிலை அகலமானது, பாய்மரம்போலக் காற்றை வாங்கி ஆடியது. சாதாரணத் துணிக் கிளிப்பை இலைக்காம்பில் அழுத்திப் போட்டேன். இலை நின்றது. நல்ல படங்கள் கிடைத்தன.

கிளிப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். காம்பில் பல் பதிந்து பால் வழிந்துகொண்டிருந்தது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், அது வேறு ஆபத்து. இரண்டு நாள் கழித்துப் போனேன். அந்த இலை பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முட்டையிலிருந்து வருகிற புழுவுக்கு அந்த இலைதான் சாப்பாடு. இந்தப் புழு எருக்கிலையைத் தின்பதற்கு முன்னால் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகு பால் குறைந்த பகுதியைத் தின்னக் கற்ற பிறவி. அவ்வளவு கணக்காக வாழ்கிற ஒன்றின் தட்டை நான் என் படத்துக்காகத் தட்டிவிட்டேன். அந்தப் படத்தை இன்றுவரை நான் யாருக்கும் காட்டியதில்லை.

அன்றைக்கு யாராவது அந்தப் பூட்டுப் பெரியவரின் வாக்கியத்தை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது என் கிளிப்புகள் எல்லாவற்றிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறேன். ஸ்பிரிங்கை விரித்துப் பாதி வலுவுக்குக் குறைத்திருக்கிறேன். எருக்கு, கள்ளி போன்ற பாலுள்ள செடிகளில் இலைக்காம்பைப் பிடிப்பதே இல்லை, முற்றிய தண்டைத்தான் பிடிக்கிறேன். சுண்டுவிரலைக் கிளிப்பில் வைத்து இருபது எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு வலித்தால் செடிக்கும் வலு அதிகம்.

பிடிக்கவே கூடாதவையும் உண்டு. பூச்சி, புழு எதன் உடம்பிலும் கிளிப் படக்கூடாது. சிலந்தி வலை கட்டியிருக்கிற குச்சியைத் தொடாதீர்கள். வலையின் ஒவ்வொரு இழைக்கும் ஓர் இழுவிசைக் கணக்கு இருக்கிறது, ஒரு முனையை நீங்கள் நகர்த்தினால் முழு வலையும் தொய்யும். பறவைக் கூடு இருக்கிற கிளையின் பக்கமே போகாதீர்கள். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போக வைப்பது, பசையால் ஒட்டுவது, நூலால் கட்டுவது, இதையெல்லாம் செய்து பரிசு வாங்குகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நான் அதை ஒளிப்படம் என்று ஒப்புக்கொள்வதில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது, பல வண்ணத்துப்பூச்சிகள் அதன் பட்டியல்களில் இருக்கின்றன. சிறுமலைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்து, செடியில் கிளிப்பை மாட்டிக்கொண்டு உட்காருவது சரியல்ல. அதற்குத் தேவையும் இல்லை. சிறுமலைப் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறாமலே, உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ஆயுளுக்கான பூச்சிகள் இருக்கின்றன.

வளைகையால் எந்தச் செடியையும் பிடிக்காமலே எடுக்கிற ஒரு வழியைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. குளக்கரையில் தட்டான்கள் பறப்பதைப் பாருங்கள். பல வகைத் தட்டான்கள் ஒரே குச்சியின் நுனியில் உட்காரும், இரையைப் பிடிக்கப் பாயும், திரும்பி வந்து அதே குச்சியில் உட்காரும். வளைகையின் கிளிப்பில் ஒரு காய்ந்த குச்சியை மாட்டி, அவை விரும்புகிற உயரத்தில், வெயில் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அப்படித் திருப்பி நிறுத்துங்கள். கேமராவைக் குச்சியின் நுனியில் ஃபோகஸ் செய்து வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். தட்டான் தானாக வந்து உட்காரும், தானாகப் பறந்துபோகும். யாருக்கும் நஷ்டமில்லை.

பிடிப்பதில் நமக்கெல்லாம் ஆசான் ஒன்று இருக்கிறது. நத்தம் பக்கம் மாந்தோப்புக்குப் போனவர்களுக்குக் கடித்தே பாடம் நடத்தியிருக்கும், முசுறு எறும்பு. அது இலைகளை ஒட்டிக் கூடு கட்டுவதை நெருங்கிப் பாருங்கள். ஒரு வரிசை எறும்புகள் ஓர் இலையின் ஓரத்தைக் காலால் பற்றிக்கொண்டு அடுத்த இலையின் ஓரத்தை வாயால் கவ்வி இழுத்து நிறுத்தும். இடைவெளி அகலமாக இருந்தால் ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். இவை பிடிக்கிற கைகள். இன்னொரு கூட்டம் தங்கள் புழுக்களைத் தூக்கிக்கொண்டு வரும். வளர்ந்த எறும்புக்கு நூல் சுரக்காது, புழுவுக்குத்தான் சுரக்கும். அந்தப் புழுவை இந்த ஓரத்தில் ஒட்டி, அந்த ஓரத்தில் ஒட்டி, தறியில் நாடா போய்வருவதுபோலக் கொண்டுபோய்க் கொண்டுவந்து இலையை நெய்யும். நெசவு முடியும்வரை பிடித்த எறும்பு பிடியை விடாது. அதன் வாயில் இலை கிழியாது. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் தெவிட்டவில்லை.

கருவி இல்லையே என்று வருந்துகிறவர்களுக்காக ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர், பத்மஸ்ரீ பெற்றவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தன் தேவைக்குத் தக்கபடி ஒன்றுசேர்த்து, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்தார். அவர் எடுத்தது யானை, நாம் எடுப்பது எறும்பு. ஆனாலும் கடையில் இல்லாததைத் தானே கட்டிக்கொள்கிற அந்தத் துணிவு நமக்கு வேண்டும். அரமும் வைஸும் லேத்தும் தறியும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில், ஒரு வளைகைக்காக வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஆளுக்கொரு முறுக்குக் கம்பியும் ரப்பர் வைத்த கிளிப்புமாகக் கிளம்புங்கள். முதலில் பூச்சி இல்லாத செடியில் பழகுங்கள். கிணற்றடிப் பூண்டு எல்லாத் தெருவோரத்திலும் பூத்திருக்கும், அது போதும். கிளிப்பைப் போடும்போது இலையின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், முட்டையோ புழுவோ இருக்கலாம். எடுத்து முடித்ததும் கிளிப்பைப் பட்டென்று விட்டுவிடாதீர்கள். வளைந்து நின்ற தண்டு விடுபட்டதும் துள்ளும், அதில் உட்கார்ந்திருப்பது எகிறி விழும். ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிளிப்பைத் திறந்து, செடி முன்பு நின்ற இடத்துக்கே அதை மெதுவாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.